உரிமையாளர் பெயர்

சாவியைத் திருப்பியது நான்தான்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாளாக விடாத மழை.
புதுப்பேட்டைச் சந்தில் கிரீஸும் தண்ணீருமாய்
வானவில் மிதந்துகொண்டிருந்தது.
திருவள்ளூர் பார்ட்டியின் இன்னோவா
சாயங்காலமே வந்து நின்றிருந்தது.
ராத்திரி பத்து மணிக்கு
ஷெட்டுக்குள் ஏற்றலாமென்று ஸ்டார்ட் செய்தேன்.

இருபத்தாறு வருடம் எஞ்சின் கேட்ட காது.
பேரிங் போனால் தெரியும்
டேப்பெட் தட்டினால் தெரியும்
இது எதுவுமில்லை.

டில்லி டார்ச் அடித்தான்.
பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே
சாம்பல் நிறத்தில் ஒரு பின்னங்கால்
அதன் பக்கத்திலேயே, ஒன்றும் ஆகாததுபோல்,
நிறைந்த வயிறு.
சூடு தேடி வந்து படுத்திருக்கிறது.

"அண்ணே, பிரியாணிக்கடைப் பூனைண்ணே."
யாருடையதுமில்லை என்பதை
இங்கே அப்படித்தான் சொல்வோம்.

பெல்ட்டை அறுத்தேன்.
காட்டன் வேஸ்ட்டில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தோம்.
பிரசவ கேஸ் என்றான் டில்லி.
டிரைவர் எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில்
வண்டியை ஒடித்தார்.
"இல்லண்ணே, வேப்பேரி."
திரும்பி மூட்டையைப் பார்த்தார்.
மூட்டை அவரைப் பார்த்தது.
கெங்குரெட்டி சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர்,
சுற்றிக்கொண்டு போனார்
காசைப் பற்றிப் பேசாமல்.

கவுண்டரில் ஏகாம்பரம் என்று பேட்ஜ் குத்தியவர்
படிவத்தை நகர்த்தினார்.
"பேரு?"
"மன்சூர்."
"பூனை பேரு சார்."
பேசாமல் நின்றேன்.
வயது, நிறம், முந்தைய பிரசவம், போட்ட ஊசி
ஆர்.சி. புக்கில்கூட இவ்வளவு இல்லை.
உரிமையாளர் என்ற இடத்தில்
என் பேனா நின்றது.
இடித்தவர் என்று ஒரு கட்டம்
அந்தப் படிவத்தில் கிடையாது.

டாக்டர் சுகிர்தா உதட்டைத் தூக்கி ஈறு பார்த்தார்.
சுண்ணாம்பு.
டிரிப் ஏறியது. ஸ்கேன் குமிழியை
வயிற்றில் வைத்து அழுத்தாமல் ஓட்டினார்.
"நாலு குட்டி. மூணுக்குத் துடிப்பு தெரியுது.
நாள் நெருங்கினதுதான், இப்பவே எடுத்துடலாம்.
எனக்கு முதல்ல தாய். அப்புறம்தான் குட்டி.
சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க."

கதவில் ஒரு சதுரக் கண்ணாடி.
ஆயிரம் பானெட் திறந்தவன் நான்,
அணைத்துவிட்டுத்தான் கை வைப்பேன்.
ஓடிக்கொண்டிருப்பதை
ஓடவிட்டபடியே திறந்துகொண்டிருந்தார் அந்தப் பெண்,
மழையில் கரண்ட் போய்
ஜெனரேட்டர் பிடிக்கும்வரை
ஏகாம்பரத்தின் செல்போன் வெளிச்சத்தில்.

"ரெண்டு பேரும் கை கழுவிட்டு வாங்க, ஆள் பத்தல."

எத்தனை சோப்புக்கும் போகாத கறுப்பு என் ரேகைகளில்.
அதன்மேல் கையுறை.
அதன்மேல் டவல்.
அதில் ஸ்பார்க் பிளக் டப்பா கனத்தில்
ஈரமாய் ஒன்று.
"தேயுங்க. நிறுத்தாதீங்க. முதுகுல, முதுகுல."
தேய்த்தேன்.
டில்லியின் கையிலிருந்தது
செருப்படியில் மாட்டிய ரப்பர்போல் கீச்சிட்டது.
இன்னொன்றும் கீச்சிட்டது, டாக்டர் கையில்.
நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.
டாக்டர் பக்கத்தில் வந்து நின்றதும் தெரியும்
போதும் என்றதும் கேட்டது.
பிறகும் கொஞ்ச நேரம் தேய்த்தேன்.

விடியும்போது
வெந்நீர் ஊற்றி முடிச்சுப்போட்ட கையுறைகள்
ஐந்து விரலும் விரித்து
அவளைச் சுற்றிக் கிடந்தன.
மூன்று கால். இரண்டு குட்டி.
மயக்கம் தெளியாமலே
ஒன்றை நக்கப் பார்த்து
தன் மூக்கையே நக்கிக்கொண்டாள்.

திருவள்ளூர் பார்ட்டி போன் செய்தார்.
"வண்டி ரெடியா பாய்?"
"பெல்ட் போச்சு சார்."
"நல்லாத்தானே இருந்துச்சு?"
"ஆமா சார். நல்லாத்தான் இருந்துச்சு."

பில்லை வாங்கினேன்.
பத்தாம் நாள் தையல் பிரிக்க வரவேண்டும்.
பூனை பெயர்: இன்னோவா.
ஏகாம்பரம் அவராகவே எழுதியிருக்கிறார்.
அதற்குக் கீழே
உரிமையாளர், என் கையெழுத்தில்,
கிரீஸ் இழுவிய ஒரு 'ம'
பிறகு மிச்ச எழுத்துகள்.